வெள்ளோட்டம்

புதிதாகச் சமைத்த தேரைத் திருவிழாவன்று நேரே வீதிக்கு இழுத்துவரும் வழக்கம் நம்மவரிடத்து இல்லை. அதற்கு முன்னரே ஒரு நாளைக் குறித்து, வெறுந்தேரை வடம்பிடித்து வீதியைச் சுற்றிவரச் செய்வர். அச்சுப் பாரந் தாங்குமா, சில்லு நேரே உருளுமா, மூலையில் தேர் திரும்புமா, முட்டுக்கட்டைக்கு அடங்குமா என்பனவெல்லாம் அன்றே தெரிந்துவிடும். இதனையே வெள்ளோட்டம் என்கின்றோம். தேருக்குரிய இவ்வழக்கம் இன்று கணினி மென்பொருளுக்கும் இன்றியமையாததாயிற்று. சிறப்பாக, ஒரு வலையமைப்பு முழுவதையும் ஓரிடத்திலிருந்து ஆளுகின்ற கட்டுப்பாட்டு மென்பொருளின் புதிய பதிப்பை, அது யாவர்க்கும் வெளியிடப்படுமுன் சோதித்தல் எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்க முயல்வேன். யான் தமிழ் கற்பிப்பவன், பொறியியல் பயின்றவனல்லன். ஆயினும் கணினிக்கூடமொன்றின் பொறுப்புச் சிலகாலம் என் தலையில் விழுந்தமையால் இவ்விடயத்தைக் கற்கவேண்டியவனானேன்.

முதலிற் கட்டுப்பாட்டு மென்பொருள் யாதென அறிதல் வேண்டும். பெரிய கட்டடமொன்றில் கம்பியில்லா இணைப்பைத் தரும் சிறு பெட்டிகள் கூரையோரங்களிற் பொருத்தப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். அவற்றோடு சுவிச்சுகளும் ரவுட்டர்களும் உள. இத்தகைய கருவிகள் ஐம்பது இருப்பின், கடவுச்சொல்லை மாற்றவேண்டிய போதெல்லாம் ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றையும் திருத்துதல் ஆகாத காரியம். ஆகலின் அவை யாவற்றுக்கும் கட்டளையிடும் மென்பொருள் ஒன்றை ஒரு கணினியில் நிறுவுவர். எந்தக் கருவி எங்குளது, அதன் பெயர் யாது, எந்த அலைவரிசையிற் பேசவேண்டும், யார் யார் இணைந்துள்ளனர் என்பனவெல்லாம் அதன் தரவுத்தளத்திற் பதிந்திருக்கும். தொழிலாளர் இதனைக் கொன்றோலர் என்பர்.

இம்மென்பொருள் நின்றுபோனால் வலையமைப்பும் நின்றுபோகுமோ என்று கேட்பாருண்டு. பல அமைப்புகளில் அவ்வாறு நிகழ்வதில்லை. கருவிகள் தாம் இறுதியாகப் பெற்ற கட்டளைப்படியே தொழிலைச் செய்துகொண்டிருக்கும். புதிய கட்டளைகளும், விருந்தினர் நுழையும் பக்கம் போன்ற சிலவுமே நிற்கும். உண்மையான ஆபத்து அது நிற்பதில் அன்று, பிழையாக ஆளுவதில் உளது. ஒரு கருவியின் பிழை ஓர் அறையோடு போகும். ஆள்வோனின் பிழையோ ஒரு கணத்தில் ஐம்பது கருவிகளையும் சென்றடையும்.

இதற்கு வரலாற்றிற் பெயர்பெற்ற சான்றொன்று உண்டு. அமெரிக்காவின் ஏ. ரி. அன்ட் ரி. என்னும் தொலைபேசி நிறுவனம் நெடுந்தூர அழைப்புகளை 114 பெரும் இணைப்புநிலையங்களின் மூலம் நடத்திவந்தது. ஒரு நிலையம் பழுதுற்று மீண்டால், அச்செய்தியை அயல் நிலையங்கள் விரைவில் உணரவேண்டும் என்பதற்காக 1989ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நிலையங்களின் மென்பொருளைப் புதுப்பித்தனர். ஒரு மாதம் வரை குறையொன்றும் தோன்றவில்லை. 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் நியூயோர்க் நிலையத்தில் ஒரு சிறு பழுது நேர்ந்தது. அது சில வினாடிகள் ஒதுங்கித் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு, மீண்டும் அழைப்புகளை அனுப்பத் தொடங்கிற்று. அவ்வழைப்பைப் பெற்ற அயல்நிலையம், "இவன் மீண்டுவிட்டான்" என்று தன் பதிவைத் திருத்தத் தொடங்கியது. அத்திருத்தம் முடியுமுன், ஏறத்தாழ ஒரு வினாடியின் நூறிலொரு பங்கினுள், இரண்டாவது அழைப்பும் வந்து சேருமாயின் புதிய மென்பொருள் தடுமாறியது, பதிவுகள் குழம்பின, அந்நிலையமும் தன்னைச் சரிசெய்துகொள்ள ஒதுங்கிற்று. பின்னர் அது மீண்டு அழைப்புகளை அனுப்பத் தன் அயல்நிலையங்களைக் கவிழ்த்தது. இவ்வாறு ஒன்றையொன்று கவிழ்த்துக்கொண்டே ஒன்பது மணிநேரம் சென்றது. அந்நேரத்தில் அந்நிறுவனத்தின் நெடுந்தூர அழைப்புகளுள் ஏறத்தாழப் பாதி இணைப்புப் பெறாது போயின. பொறியியலாளர் நிலையங்களுக்கிடையே செல்லும் செய்திகளின் சுமையைக் குறைத்த பின்னரே அமைதி திரும்பியது.

பிழை யாதெனின், ஒரேயொரு சொல்! 'சீ' என்னும் கணினிமொழியில் "விலகுக" எனப் பொருள்படும் ஒரு கட்டளைச்சொல் உண்டு. உட்பகுதியை விட்டு விலகுமாறு எண்ணி அதனை எழுதினர். மொழியின் இலக்கணமோ வெளிப்பகுதி முழுவதையும் விட்டு விலகுமாறு அதற்குப் பொருள்கொண்டது. கொண்டுகூட்டுப் பொருள்கோளை வகுப்பிற் கற்பிக்கும் போதெல்லாம், இதனை மாணாக்கருக்கு எடுத்துக்கூறாமல் என்னால் இருக்க முடிவதில்லை. நம் செய்யுளிற் சொல்லை எடுத்து வேண்டியவிடத்திற் கூட்டிப் பொருள்கொள்ளலாம். கணினி அவ்வாறு கூட்டிக்கொள்ளாது, நின்றவிடத்தே பொருள்கொள்ளும்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சோதனை நடவாமல் அம்மென்பொருள் வெளிவரவில்லை. நடந்த சோதனையில் இரண்டு அழைப்புகள் அத்துணை நெருக்கமாக வந்து மோதும் நிலை இடம்பெறவில்லை. அன்றியும் 114 நிலையங்களிலும் ஒரே புதுப் பதிப்பு இருந்தமையால், ஒன்று கவிழ்ந்தபோது தாங்கிப்பிடிக்கப் பழைய பதிப்புடைய நிலையம் எதுவும் இருக்கவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தும் அதே கதை வேறு வேடத்தில் வந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் உலகெங்குமுள்ள கணினிகளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பினால், மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 85 இலட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. அக்கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது; மென்பொருள் கொடுத்ததோ 20. முன்னைய சோதனைகளில் இருபத்தோராவது இடத்தில் "எதுவாயினும் ஆகுக" என்னும் குறியே இருந்தமையால், அவ்விடம் வெறுமையாயிருத்தலை எவரும் காணவில்லை. 78 நிமிடத்திற் கோப்பைத் திரும்பப் பெற்றனர். எனினும் விமானங்கள் பறக்கவில்லை. மருத்துவமனைகளிற் சிகிச்சைகள் பிற்போடப்பட்டன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமற் சிலருக்கு மட்டும் முதலில் அனுப்பியிருப்பின் சில நூறு கணினிகளோடு போயிருக்கும்.

ஆகவே மென்பொருள் செய்வோர் புதுப் பதிப்பைப் படிப்படியாக வெளிவிடுகின்றனர். கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரு எழுத்துகளால் அல்பா, பீற்றா என்று அப்படிகளுக்குப் பெயரிடுதல் பழைய வழக்கம். அல்பா, செய்தவர் வீட்டுக்குள்ளேயே ஓடுவது. பீற்றா, விரும்பி முன்வரும் வெளியாரின் கையில் ஓடுவது. அதன்பின் வெளியீட்டுக்கு வேட்பாளராக நிற்கும் பதிப்பு வரும். கம்பியில்லா வலையமைப்புகளிற் பெரிதும் பயிலும் யூனிபை என்னும் கட்டுப்பாட்டு மென்பொருளும் முன்னணுகல், வெளியீட்டு வேட்பாளர், உரிய வெளியீடு என இவ்வாறே மூன்று வழிகளில் தரப்படுகிறது. வெளியார் ஏன் வேண்டும் என்பதை, இம்மலர் போன்றவற்றின் அச்சுப்படியைத் திருத்தியவர் எவரும் அறிவர். எழுதியவன் கண் தான் எழுத எண்ணியதைப் படிக்குமேயன்றி எழுதியதைப் படியாது.

இனி, அத்தகைய முன்பதிப்பொன்று உங்கள் கைக்கு வருகின்றது எனக் கொள்வோம். முதலிற் செய்யத்தக்கது அதனை நிறுவுதலன்று. அதனோடு வரும் மாற்றக்குறிப்பை வரிவரியாகப் படித்தல். புதியவை யாவை என்பதிலும், "அறியப்பட்ட குறைகள்" என்னும் பகுதியே பயன்மிக்கது. பழைய கருவி எதனையேனும் இப்பதிப்புக் கைவிடுகின்றதா என்பதையும் அங்கேயே காணலாம்.

அடுத்தது காப்புப்பிரதி. இதில் வழுக்குமிடம் ஒன்றுளது. புதுப் பதிப்பு முதன்முறை இயங்கும்போது தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றிவிடுதல் உண்டு. மாற்றியபின் பழைய பதிப்பு அதனைப் படிக்கமாட்டாது. புதியதில் எடுத்த காப்புப்பிரதியையும் அது ஏற்காது. ஆதலாற் புதுப்பிக்குமுன் எடுத்த பிரதி ஒன்றே திரும்பிவரும் வழி. அதனை அதே கணினியில் வைத்திருத்தல், வீட்டுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுதல் போலாம். வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வைத்தாற் போதாது, வேறொரு கணினியில் அதனை மீட்டுப்பார்த்தலும் வேண்டும். என் பொறுப்பிலிருந்த கூடத்தில் நான் மாதந்தோறும் தவறாமற் காப்புப்பிரதி எடுத்தேன். ஒருநாள் தேவை வந்து திறந்தபோது, கோப்புகள் யாவும் வெறுங்கோப்புகளாயிருந்தன. வட்டில் இடம் நிறைந்துபோனதை நான் கவனித்திருக்கவில்லை. ஐந்து நாட்கள் ஏணியும் கையுமாக அலைந்தேன். அன்று தொடங்கி, மீட்டுப்பாராத பிரதியைப் பிரதியென்று நான் எண்ணுவதில்லை.

பின்னர், ஆளுவோர் எவரும் தங்கியிராத தனிக் கணினியொன்றில், மீட்ட பிரதியோடு புதுப் பதிப்பை நிறுவி, மேலதிகமாகவுள்ள பெட்டியொன்றை அதனோடு இணைத்தல் வேண்டும். சோதனை இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமாக நடப்பவற்றை முதலிற் பார்க்க: புதிய கருவி சேர்கின்றதா, கைத்தொலைபேசியோடு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நடந்தால் இணைப்பு அறாது தொடர்கின்றதா, மாணாக்கர் வலையும் அலுவலக வலையும் ஒன்றோடொன்று கலவாதிருக்கின்றனவா என்று. அதன்பின் வழக்கமல்லாதவற்றைச் செய்க. மென்பொருள் இயங்கும்போதே மின்னைத் துண்டித்துப் பார்க்க. மின்தடை அரிதாகவுள்ள நாட்டிற் செய்த மென்பொருளுக்கு இச்சோதனை தோன்றாமற் போகலாம். நமக்குத் தோன்றாமற் போகாது. சில குறைகள் நாட்பட்டே வெளிப்படும். நினைவகம் துளித்துளியாக ஒழுகி ஒரு வாரத்தின் பின்னரே இயந்திரம் மூச்சுத்திணறும். ஆதலின் ஒரு மாலைப்பொழுதிற் சோதித்து முடித்தேன் என்பது சோதனையாகாது.

தமிழர் செய்தற்குரிய சோதனையொன்றையும் இங்குக் கூறுதல் வேண்டும். கம்பியில்லா வலைக்கு இடும் பெயர் 32 எண்பிட்டுகளுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஓர் எண்பிட்டு. ஆகவே 32 எழுத்துகள் எழுதலாம். தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று எண்பிட்டுகள் வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். "நூலகம்" என்பது நம் இலக்கணப்படி நான்கெழுத்து. கணினிக்கு ஆறு குறியீடு, 18 எண்பிட்டு. "வாசிகசாலை" ஐந்தெழுத்து, 27 எண்பிட்டு. "தமிழ்ச்சங்கம்" எட்டெழுத்தே, ஆயினும் 13 குறியீடு, 39 எண்பிட்டு ஆகின்றது. எழுத்தையெண்ணும் மென்பொருள் இதனை ஏற்றுக்கொண்டு கருவிக்கு அனுப்பிவிடும், கருவியோ மறுக்கும். முப்பத்திரண்டாவது எண்பிட்டில் வெட்டிவிடின், "தமிழ்ச்சங்" என்பதோடு ககரத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்பங்கு எம்மொழியிலும் எழுத்தன்று. ஆங்கிலப் பெயரையே இட்டுப் பார்ப்பவர் ஆயிரம்பேர் சோதித்தாலும் இதனைக் காணார். தமிழிற் பெயரிட்டுப் பார்ப்பவர் ஒருவர் போதும்.

குறை கண்டால் எழுதி அறிவிக்கும் முறையும் ஒன்றுண்டு. "வேலை செய்யவில்லை" என்பது அறிவிப்பாகாது; நோயாளி "உடம்பு சரியில்லை" என்று மட்டும் வைத்தியரிடம் கூறுதலை அது ஒக்கும். பதிப்பின் எண், கருவியின் வகை, செய்த செயல்கள் வரிசையாக, நிகழவேண்டியது, நிகழ்ந்தது என்பவற்றை எழுதி, இயந்திரத்தின் பதிவேட்டையும் இணைத்தல் வேண்டும். பதிவேட்டிற் கடவுச்சொற்கள் இருத்தல் கூடும். அவற்றை அகற்றிய பின்னரே அனுப்புக.

சோதனையில் தேறிய பதிப்பையும் ஒரேநாளில் எங்கும் பரப்புதல் ஆகாது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை முன்னறியும் பொருட்டு, கனேரிக் குருவியைக் கூட்டிலிட்டுக் கொண்டுசெல்லும் வழக்கம் 1980களின் நடுப்பகுதிவரை இருந்தது. அதன் பெயராலேயே, முதலிற் புதுப்பிக்கப்படும் ஒரு சிறு பகுதியை இன்றும் கணினித்துறையினர் அழைக்கின்றனர். ஒரு கட்டடத்தை மட்டும் புதுப்பித்துச் சில நாள் பொறுத்து, பின் மற்றவற்றைத் தொடலாம். குருவியாகப் பரீட்சை மண்டபத்தைத் தெரிதல் கூடாது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

இன்னுமொன்று உளது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக் நிறுவனத்தார், தம் தரவுநிலையங்களை இணைக்கும் பெருவலையின் கொள்ளளவை அறிய ஒரு கட்டளையிட்டனர். அக்கட்டளை அவ்விணைப்புகள் யாவற்றையும் அறுத்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுக்கவென்றே இருந்த காவற் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. பழுதைத் திருத்துதற்குரிய கருவிகளும் அதே வலையின் வழியே செல்லவேண்டியிருந்தமையால், பொறியியலாளர் தரவுநிலையங்களுக்கு நேரிற் சென்றே சரிசெய்ய நேர்ந்தது. ஏறத்தாழ ஆறு மணிநேரம் கழிந்தது. ஆதலாற் கட்டுப்பாட்டு மென்பொருளைத் தொடுமுன், அவ்வலையின் துணையின்றியே கருவிகளை அடையும் வழியொன்றை வைத்திருத்தல் வேண்டும். எங்கள் கூடத்தில் அது ஒரு நீண்ட கம்பியும், கருவிகளின் முகவரிகளைக் கையால் எழுதிய ஒரு கொப்பியுமாகும். கொப்பி அலுமாரியிற் பூட்டியிருக்கும். அலுமாரியின் திறப்பு இருவரிடம் உளது.