ஊர்க்காய் உண்ணும் ஒப்பந்தம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் கடனாநதி, ஆழ்வார்குறிச்சியை ஒட்டிச் சென்று திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சங்கமமாவதற்குள், நெல்லும் வாழையும் தென்னையும் காய்கறியும் விளைவதற்கு வேண்டிய சகல ஐசுவரியத்தையும் அந்தச் சிறு நிலப்பரப்புக்கு வழங்கிவிடுகிறது. ஆயினும் அவ்வட்டாரத்து வீடுகளில் மத்தியான போஜனத்துக்கு நறுக்கப்படும் காய்களை ஒருவர் கவனிப்பாரானால், காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் என்று ‘இங்கிலீஷ் காய்’கள் எங்கோ ஒரு குளிர்மலையிலிருந்து லாரியேறி வந்திருப்பதையும், சற்று வடக்கே பாவூர்சத்திரம் சந்தையில் குவியும் நாட்டுக் காய்களில் கணிசமான பகுதி செங்கோட்டை வழியே கேரளத்துக்குப் போய்க்கொண்டிருப்பதையும் ஒருங்கே காண்பார். மலையாள தேசத்தில் ஓணம் நெருங்கினால் பாவூர்சத்திரத்தில் விலை ஏறுகிறது. இங்கே குழம்பு வைப்பவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதாகிறது.

இந்த விசித்திர நிலையை மாற்ற விரும்பி, ஒரு தெருவோ ஒரு வார்டோ தனக்கு வேண்டிய ஆகாரத்தைத் தன் எல்லைக்குள்ளேயே விளைவித்து உண்பதென்று தீர்மானித்தால், காரியத்தை எங்கே ஆரம்பிப்பது? பொதுவாக விதைப் பொட்டலம் வழங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். விதை முளைக்கவும் செய்கிறது. ஆனால் மூன்றாம் மாதத்தில் உற்சாகம் வாடிவிடுகிறது. அடுப்படியில் ஆரம்பித்திருக்க வேண்டிய காரியத்தை மண்ணில் ஆரம்பித்ததே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டுமென்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 1.6 கிலோ, 30 வீடுகள் சேர்ந்தால் 48 கிலோ, மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். மாடியில் வைக்கும் பத்துப் பைகளால் ஆகிற காரியமன்று இது என்பது கணக்குப் போட்டவுடன் பிரத்தியட்சமாகிவிடுகிறது. ஆகவே வீட்டுக்குரியது எது, வயலுக்குரியது எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நலம். பறித்த சில மணி நேரத்தில் வதங்கிப்போகும் கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், முருங்கை, பந்தலில் ஏறும் அவரை, புடல் ஆகியவற்றுக்கு வளவுகளின் பின்கட்டும், பாத்திரம் கழுவிய நீர் ஓடும் புறவாசலும் போதும். வாழைக்காயும், வாரக்கணக்கில் இருந்து கொடுக்கும் பூசணியும் சேனையும் கருணையும், ஏற்கெனவே கிணற்றுப் பாசனம் உள்ள பக்கத்து விவசாயியிடமிருந்து வருவதே முறை.

அந்த விவசாயியிடம் போனால் அவர் கேட்கும் முதற்கேள்வி, ‘எல்லாத்தையும் எடுத்துக்கிடுவீங்களா?’ என்பதாகவே இருக்கும். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள், பாளையங்கோட்டை மகாராஜநகர் சந்தை உள்பட, தரகரை விலக்கிப் பேருபகாரம் செய்தனவேயன்றி, நாளைக்கும் வாங்குவேன் என்ற உறுதியை உண்பவரிடமிருந்து பெற்றுத்தரவில்லை. ஜப்பானில் 1970-களில் பரவிய ‘தெய்க்கெய்’ என்னும் ஏற்பாடு இந்த இடைவெளியைத்தான் நிரப்பிற்று. அதன் விதிகள் 1978-இல் வகுக்கப்பட்டபோது, இன்னது பயிரிடுவதென்று இருசாராரும் முன்கூட்டியே கலந்து முடிவு செய்ய வேண்டுமென்பதோடு, அப்படி விளைந்ததை உண்பவர்கள் மீதியின்றி ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பதும் ஒரு விதியாயிற்று. கோணல் வெள்ளரியையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இதற்கு மாறாக, ஒப்பந்தம் ஏதுமின்றியே, இங்கிலாந்தின் டாட்மர்டன் நகரத்தார் 2008 முதல் காவல் நிலைய வாசலிலும் ரயில் நிலையத்திலும் காய்கறி பயிரிட்டு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அழகான ஏற்பாடுதான்; ஆனால் நம் தெருக்களில் அதை அனுஷ்டித்தால் பலனை முதலில் அனுபவிப்பவை ஆடுகளாகவே இருக்கும் என்பதால், வேலி போடும் செலவை முதல் மாதக் கணக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

வேலிக்கு அடுத்த செலவு உரம். ஆழ்வார்குறிச்சிக்குத் தெற்கேயுள்ள களக்காட்டில், நோபல் சமாதானப் பரிசு பெற்ற டொமினிக் பீர் பாதிரியார் நிறுவிய ‘அமைதித் தீவு’ ஸ்தாபனத்தின் ஊழியராக, 1969 தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு காலம் உழைத்தவர் கோ. நம்மாழ்வார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய உத்தியோகத்தைத் துறந்து வந்த அவர், வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறைத்து, பண்ணைக் கழிவையே பண்ணைக்கு உரமாக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது அங்கேதான். பிற்காலத்தில் தமிழகம் முழுவதும் அவர் பிரசாரம் செய்த இயற்கை வேளாண்மையின் ஒரு வேர் இந்தச் சீமை மண்ணில் ஊன்றியது என்று சொல்லலாம். தெருவார் செய்ய வேண்டியதும் அதுவே: சாணமும் சருகும் அடுப்படிக் கழிவும் ஊரைவிட்டு வெளியேறாதிருந்தால், உரச்செலவு பெருமளவு குறையும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி சமையலறையில் இருக்கிறது. நெல்லைச் சீமைப் பொங்கற் படையலில் இடம்பெறும் சிறுகிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளிகள் கூர்க்கை என்று ஆவலோடு வாங்கிப்போகும் இக்கிழங்கைச் சொந்த ஊரில் பல வீடுகள் பொங்கலோடு மறந்துவிடுவதற்கு ருசி காரணமன்று, தோல்தான் காரணம். கோலிக்குண்டளவே உள்ள கிழங்கை ஒவ்வொன்றாகச் சுரண்டினால் விரல் கறுத்து, அரை நாள் போய்விடும். அக்காலத்துப் பெண்கள் அதை ஊறவைத்துச் சாக்கில் கட்டித் தரையில் அடித்துப் புரட்ட, தோல் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். இந்த உபாயமும், வாழைத்தண்டு, சேம்பு ஆகியவற்றின் பக்குவங்களும் பாட்டிமாரிடமிருந்து இளைய மருமகள்களுக்கும், நியாயமாகப் பார்த்தால் மருமகன்களுக்கும், வந்து சேராதவரை, வயலில் எவ்வளவு விளைந்தாலும் அது கேரளத்துக்கே போகும். மாதம் ஒருமுறை பத்து வீட்டார் கூடிக் கூட்டாஞ்சோறோ அவியலோ சமைப்பதை நான் கேளிக்கையாகக் கருதவில்லை. திட்டத்தின் மிக அவசியமான செலவு அது.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரைப்பாத்தி அழுகும். அம்மாதங்களுக்குச் சேமித்த பூசணியும் கிழங்கும் வேண்டும் என்பதைத் திட்டத்தில் சேரும் வீட்டார் முன்னரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சிறுகிழங்கோ, விதைக்கிழங்கை முதலில் நாற்றங்காலில் பதித்து, அது கொடியோடிய பின் நுனிகளைக் கிள்ளி ஆடி, ஆவணியில் நட்டால்தான், நான்கைந்து மாதத்தில், தைப்பொங்கலுக்குச் சற்று முன்பின்னாகத் தோண்டக் கிடைக்கும். நாற்றங்கால் வைகாசியிலோ ஆனியிலோ அமைய வேண்டியிருப்பதால், எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ என்ற பெயர்ப் பட்டியலைச் சித்திரையிலேயே எழுதி, முன்பணத்தையும் வாங்கிவிட வேண்டும்.