பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா?

ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறீர்கள், சந்தா பாக்கியில்லை, காணிக்கைப் பை வெறுமனே உங்களைக் கடந்து போவதுமில்லை. நல்லது. ஆனால் உங்கள் முன் பெஞ்சில் உட்காரும் பாட்டி போன வாரம் ஏன் வரவில்லை, தெரியுமா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அப்போது நான் எங்கள் சபையின் செயலாளர் வேறு! தோட்டம் விலைபோனதும் டவுன் அடுக்குமாடிக்குக் குடிவந்த அந்தப் பாட்டி 7 வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. என் பதிவேட்டில் அவர் 'முழு அங்கத்தினர்'. ஒருநாள் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக். "சர்ச் ஆளா? இப்போதுதான் வருகிறீர்களா?" என்று மலாயில் கேட்டார். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மெதடிஸ்ட் சபையின் ஆதிகர்த்தா ஜான் வெஸ்லியின் காலத்தில், 1742-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைக்க ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு தலைவர். வாரம் ஒரு பென்னி வசூல். பென்னிக்காக வீடு வீடாய்ப் போனவர்கள் கண்டது வேறு: ஒருவர் குடியில், ஒருவர் மனைவியோடு சண்டையில். கடன் வசூல் ஆள் விசாரிப்பாயிற்று. வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இதுதான்.

எங்கள் சபையிலும் இப்போது ஆளுக்கு 6 பெயர். வெள்ளி மாலை பாட்டி வீட்டுக்கு நான் போவேன். என் மனைவி வடை சுட்டுத் தருவாள், மாக்சிக்குக்கும் சேர்த்து.

மாக்சிக் இப்போது என்னைக் கேள்வி கேட்பதில்லை. "மாசோக்" என்கிறார்.