பொறி வைத்தீர்கள், தொட்டியை மூடினீர்களா?

திண்டுக்கல்லில் மழை விட்டதும் பல வீடுகளில் ஒரு பாட்டில் தொங்கத் தொடங்கிவிடும். வாயை வெட்டித் தலைகீழாகச் செருகி, சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் ஊற்றிய பாட்டில். மலேரியாவுக்கு இதுவே காவல் என்று நம்பி, மாடியில் மூடியில்லாத தொட்டியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் தரும் கரியமில வாயு சில நாளில் தீர்ந்துவிடும். பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் கொசு அவரைத்தான் தேடி வரும்.

செலவில்லாமல் செய்ய உருப்படியானது முட்டைப்பொறி. பழைய பெயிண்ட் டப்பாவுக்குக் கறுப்பு அடித்து, விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டு, உள்சுவரைச் சுற்றிப் பருத்தித் துணி ஒட்டிப் பாதியளவு தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர் என்றால் கொசு விரும்பி வரும். ஏழு நாள் தாண்டுவதற்குள் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, துணியை எரித்து, டப்பாவைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சாக்கடையில் கொட்டாதீர்கள். காய்ந்த முட்டைகூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கழுவ மறப்பவர் பொறியே வைக்க வேண்டாம். அவர் வளர்ப்பது கொசுவைத்தான்.

இந்தப் பொறியில் முட்டையிடுவது டெங்கு பரப்பும் ஏடிஸ். நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நல்ல தண்ணீரின் மேல் முட்டையிடும், துணியில் சிக்காது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்கும் ஊர் இது. தொட்டியை மூடுங்கள். மூடி உடைந்திருந்தால் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள். கிணற்றில் கம்பூசியா மீன் விடலாம். தொட்டி பார்க்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளரை வாசலோடு அனுப்பாதீர்கள்.

பக்கத்துக் காலிமனையில் தண்ணீர் தேங்கினால்? கொசு உற்பத்தியாகும் இடத்தின் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டு தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. வாயால் சொன்னால் "ஆள் அனுப்புறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். புகை அடித்துவிட்டுப் போனால் புழு தண்ணீரிலேயே இருக்கும். அதனால் எழுதிக் கொடுங்கள். மாநகராட்சி ஆணையருக்கு, மாநகர் நல அலுவலர் பார்வைக்கு. வார்டு, தெரு, கதவு எண், தேதி, புகைப்படம் எல்லாம் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், அல்லது முதல்வர் உதவி மையம் 1100. அதற்கும் பதிலில்லையா? மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மனுக் கொடுக்கலாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலா? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மலேரியா ரத்தப் பரிசோதனை இலவசம். வைவாக்ஸ் மலேரியா என்றால் பிரைமாகுயின் மாத்திரை வழக்கமாக 14 நாள், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்துபவர்களுக்கு ஈரலில் பதுங்கிய கிருமி மறுபடி கிளம்பக்கூடும். மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தாதீர்கள். பொறி வைத்திருந்தாலும், இன்றே மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைப் பாருங்கள்.