சருகு மட்குதலில் தட்பவெப்பமும் மண்ணும்: ஹவாய்த் தீவுக் காடுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் சருகு விரைவாக மட்கும் என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எந்த எல்லை வரை பொருந்தும் என்பதை ஹவாய்த் தீவுக் காடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. மழை ஓர் அளவைக் கடந்தால் மட்குதல் மந்தமடைகிறது என்பதும், ஒரே தட்பவெப்பத்தில் மண்ணின் வயது மட்கும் வேகத்தை மாற்றுகிறது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

குறிச்சொற்கள்: சருகு, மட்குதல், லிக்னின், நைட்ரஜன், பாஸ்பரஸ், மண்ணின் வயது, ஹவாய்.

முன்னுரை

உதிர்ந்த இலையிலுள்ள கார்பனின் ஒரு பகுதி காற்றுக்குத் திரும்புகிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. இலையிலுள்ள சத்துகள் மீண்டும் வேருக்குக் கிடைக்கின்றன. இம்மூன்றின் அளவையும் மட்கும் வேகமே முறைப்படுத்துகிறது. எடையறிந்த சருகை வலைப்பையில் இட்டுக் காட்டுத் தரையில் வைத்து, குறித்த கால இடைவெளிகளில் எடுத்து நிறுப்பது இத்துறையின் வழக்கமான முறை. எஞ்சிய எடையிலிருந்து சிதைவு மாறிலியைக் கணக்கிடும் அடுக்குக்குறிச் சமன்பாட்டை 1963இல் ஓல்சன் பரவலாக்கினார். 1978இல் மீன்டிமேயர், மெய்யான நீராவிப்போக்கையும் சருகின் லிக்னின் அளவையும் கொண்டு மட்கும் வேகத்தைக் கணிக்கலாம் எனக் காட்டினார்.

வெப்பம், மழை, மண், மர இனம் ஆகியவை இயற்கையில் ஒருசேர மாறுவதால் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிதல் கடினம். ஹவாய் இச்சிக்கலைத் தளர்த்துகிறது. எரிமலைக் குழம்பாலான ஒரே வகைப் பாறையின் மீது, மெட்ரோசிடெரோஸ் பாலிமார்ஃபா என்னும் ஒரே மரம் பல உயரங்களிலும் பல மழை அளவுகளிலும் பல வயதுடைய மண்ணிலும் காடாக வளர்கிறது.

வெப்பமும் மழையும்

மௌனா லோவா மலைச்சரிவில் உயரம் கூடி வெப்பம் குறையும்போது மட்கும் வேகமும் வெகுவாகக் குறைகிறது. நுண்ணுயிர்களின் செயற்பாடு வெப்பத்தைச் சார்ந்தது என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே.

மழையின் போக்கு வேறானது. மாவி தீவின் மலைக்காடுகளில், ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸாக நிலைத்திருக்க, ஆண்டு மழை 2200 மி.மீ. முதல் 5050 மி.மீ. வரை கூடும் இடங்களை ஷுர் ஒப்பிட்டார். மழை கூடக்கூட மட்குதல் பல மடங்கு குறைந்தது. நீர் நிறைந்த மண்ணில் ஆக்சிஜன் ஊடுருவல் தடைப்படுகிறது. லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. இதனால் சத்துகள் சருகிலேயே முடங்க, மரங்களின் வளர்ச்சியும் குன்றியது. ஆயினும் வளர்ச்சியைவிட மட்குதலே அதிகம் குறைந்தது. எனவே வறண்ட நிலத்தில் மட்குதலைத் தூண்டும் மழையே, மிகை ஈரக் காட்டில் அதற்குத் தடையாகிறது.

மண்ணின் வயது

பசிபிக் தட்டு வடமேற்காக நகர்வதால், அத்திசையிலுள்ள தீவுகள் முதியவை. ஏறத்தாழ 1200 மீட்டர் உயரமும் 2500 மி.மீ. மழையும் 16 டிகிரி வெப்பமும் கொண்ட ஆறு இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றின் மண் வயது ஹவாய்ப் பெருந்தீவில் 300 ஆண்டுகளில் தொடங்கி, கவாய் தீவில் 41 இலட்சம் ஆண்டுகள் வரை நீள்கிறது.

நைட்ரஜன் பாறையில் இல்லை. காற்றிலிருந்து மெல்லச் சேர்கிறது. ஆகவே இளமண்ணில் அதற்குப் பற்றாக்குறை. பாஸ்பரஸ் பாறையிலிருந்து கிடைப்பது. காலப்போக்கில் நீரில் கரைந்தோடுகிறது, அல்லது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் பிணைக்கப்படுகிறது. ஆகவே முதுமண்ணில் அதற்குப் பற்றாக்குறை. கவாய் மண்ணில் எஞ்சும் பாஸ்பரஸைத் தக்கவைப்பதில் ஆசியாவிலிருந்து காற்றில் வரும் தூசிக்கும் பங்குண்டு. இரண்டு சத்துகளும் ஓரளவு கிடைக்கும் இடைப்பட்ட வயது மண்ணில் மட்குதல் விரைவாக நிகழ்கிறது.

மண் இரு வழிகளில் செயற்படுகிறது. நுண்ணுயிர்களுக்கு நேரடியாகச் சத்தளிப்பது ஒன்று. இலையின் தன்மையை மாற்றுவது மற்றொன்று. சத்துக் குறைந்த மண்ணில் வளரும் மரம், உதிர்க்குமுன் இலையின் சத்துகளைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அத்தகைய சருகு மெல்ல மட்கி, மண்ணின் வறுமையை நீட்டிக்கிறது. இவ்விரு வழிகளையும் பிரித்தறிய, அந்தந்த இடத்துச் சருகுடன் எல்லா இடங்களுக்கும் பொதுவான சருகையும் வைத்து அளத்தல் வேண்டும். பொதுச் சருகின் வேறுபாடு இடத்தின் விளைவைக் காட்டும். இரு சருகுகளுக்கும் இடையிலான வேறுபாடு இலையின் தன்மையைக் காட்டும்.

முடிவுரை

ஆண்டு மழையையும் சராசரி வெப்பத்தையும் மட்டும் கொண்டு மட்குதலைக் கணிக்கும் மாதிரி, மிகை ஈரக் காடுகளில் தவறான திசையையே காட்டக்கூடும். மண்ணில் தங்கும் கார்பனைக் குறைத்து மதிப்பிடுவதற்கும் அது இடமளிக்கும். மழை அளவுடன் மண்ணின் ஆக்சிஜன் நிலையையும், வெப்பத்துடன் மண்ணின் வயதையும், இரண்டுடனும் சருகின் லிக்னின், சத்து அளவுகளையும் சேர்த்து அளக்கும் களஆய்வுகளே நம்பத்தக்க கணிப்புக்கு வழிவகுக்கும்.