அன்றாட விசாரணையும் அமைப்பின் மாற்றமும்

நம் திருச்சபைகளில் தீர்மானங்களுக்குக் குறைவில்லை. திருமண்டலப் பேரவை கூடுகிறது. சமத்துவத்தைக் குறித்தும், பெண்களின் பங்கைக் குறித்தும், எளியோர் சார்பில் நிற்பதைக் குறித்தும் தீர்மானங்கள் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஒருமனதாக நிறைவேறுகின்றன. நடவடிக்கைக் குறிப்பேட்டிலும் இடம் பெறுகின்றன. ஆயினும் அடுத்த ஞாயிறன்று ஆலய மணி ஒலிக்கும்பொழுது, யார் எங்கே அமர்கிறார், யார் வேதபாடம் வாசிக்கிறார், யார் பாய் விரிக்கிறார் என்பவை யாவும் முன்போலவே இருக்கக் காண்கிறோம். தீர்மானித்தவர்கள் கபடமாய்த் தீர்மானித்தார்கள் என்று கூறுவதற்கில்லை. அப்படியிருக்க, ஓர் அமைப்பு உண்மையில் எவ்விடத்தில் மாறுகிறது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவைத் திருமறையின் ஒளியிலும், நம் மதுரை மண்ணின் அனுபவத்தின் ஒளியிலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எருசலேம் சபையின் பந்தி

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு முறுமுறுப்பைக் காண்கிறோம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்பட்டனர். யூதரென்றும் கிரேக்கரென்றும் வேற்றுமையில்லை என்னும் உபதேசத்தை அச்சபை மறுக்கவில்லை. அதன் பந்தியோ அவ்வுபதேசத்தை மறுத்தது. யாரும் திட்டமிட்டு ஒதுக்கியதாக லூக்கா எழுதவில்லை. பழகிய வீடுகளுக்கு முதலில் செல்வதும், பழகிய மொழியில் பேசுவோரை முதலில் கவனிப்பதும் மனித இயல்பு. அவ்வியல்பே நாளடைவில் அநீதியாயிற்று.

அப்போஸ்தலர்கள் இதற்குச் செய்தது என்ன? அன்பைக் குறித்து இன்னொரு பிரசங்கம் செய்து அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. வேலையின் ஒழுங்கையே மாற்றினார்கள். ஏழு பேரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது நாம் அறிந்ததே. குறை கூறியவர்களின் மொழியினரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது எனலாம். இதன்பின் தேவவசனம் விருத்தியடைந்தது என்று லூக்கா உடனே குறிப்பிடுவது (அப். 6:7) தற்செயலன்று. பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட ஸ்தேவானே சபையின் முதல் இரத்தச் சாட்சியாகிறார். அன்றாட வேலையில் செய்த சிறு திருத்தம் சபையின் எல்லையையே விரித்தது.

2. மதுரையில் ஒரு கண் மருத்துவமனை

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள உதவும் ஒரு சான்று நம் நகரிலேயே உள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். இளமையிலேயே முடக்குவாதம் அவருடைய கைவிரல்களைக் கோணச் செய்தது. அவ்விரல்களைக்கொண்டே கண் அறுவை செய்யப் பழகினார். மதுரை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976-ஆம் ஆண்டு அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே அவர் நோக்கம். 2006-ஆம் ஆண்டு அவர் மறைந்தபொழுது, அச்சிறு வீடு உலகின் மிகப்பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. அவர் ஸ்ரீ அரவிந்தரின் வழி நின்றவர். நம் விசுவாசத்தைச் சார்ந்தவரல்லர். எனினும் ஆண்டவர் சமாரியனைச் சுட்டிக்காட்டிக் கற்பித்ததுபோல, நாமும் இங்கே கற்றுக்கொள்ளக் கடன்பட்டுள்ளோம்.

அம்மருத்துவமனையின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயர்ந்த நோக்கமுடைய நிறுவனங்கள் பல உண்டு. இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அந்நோக்கம் வேலையின் ஒழுங்காக மாறிய விதமாகும்.

அறுவை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடைபெறும்பொழுதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்படுகிறார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் மறுபுறம் திரும்புகிறார். கண்ணைச் சோதிப்பது, அளவெடுப்பது, நோயாளியைத் தேற்றுவது முதலான பணிகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பை முடித்து வந்து, ஈராண்டுப் பயிற்சி பெற்றவர்கள். எந்த வேலைக்கு எவருடைய கை தேவை என்று பகுத்ததனால், மருத்துவரின் நேரம் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கென ஒதுக்கப்பட்டது.

இலவசச் சிகிச்சை பெறுவோருக்குப் பொதுக்கூடமும் பாயும், கட்டணம் செலுத்துவோருக்கு அறையும் கட்டிலும் என்னும் வேறுபாடு அங்கே இருந்தது. ஆயின் மருத்துவர்கள் இரு பகுதிகளிலும் முறைவைத்துப் பணிபுரிகின்றனர். செல்வருக்கு அறுவை செய்த கையே ஏழைக்கும் அறுவை செய்கிறது. சமத்துவம் என்னும் சொல் அங்கே பணிமுறைப் பட்டியலில் எழுதப்பட்டுவிட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. தொடக்கத்தில் கிராமங்களில் கண் முகாம்கள் நடத்தி, கண்புரை உள்ளவர்களை அறுவைக்கு வருமாறு கூறி அனுப்பினார்கள். வந்தவர்களோ சிலரே. அறுவை இலவசமாயிருந்தும் ஏன் வரவில்லை என்று விசாரித்தபொழுது, பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, துணைக்கு ஆளின்மை, அச்சம் ஆகிய காரணங்கள் வெளிப்பட்டன. ஏழைக்கு அறியாமை மிகுதி என்று சொல்லி அவர்கள் ஓயவில்லை. முகாமிலிருந்தே நோயாளிகளைக் கூட்டமாகப் பேருந்தில் ஏற்றி அழைத்து வந்து, உணவளித்து, அறுவை முடிந்தபின் ஊரில் கொண்டுபோய் விடும் முறையை ஏற்படுத்தினார்கள். ஒரே ஊரார் சேர்ந்து வந்ததனால் அச்சமும் குறைந்தது. பின்னர் 1992-ஆம் ஆண்டு ஆரோலேப் என்னும் தொழிலகத்தைத் தொடங்கி, கண்ணுள் பொருத்தும் லென்சைத் தாமே செய்து, வெளிநாட்டு லென்சின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வழங்கினார்கள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு நோயாளி எங்கே இடறினார் என்று பார்த்ததிலிருந்து பிறந்தது.

3. நம் சபை வரலாற்றில்

நம் மதுரைத் திருச்சபையின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1834-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், 1847-ஆம் ஆண்டு சாதியை விடாதவர் திருவிருந்தில் பங்குபெறலாகாது என்னும் கடுமையான நிலையை எடுத்தனர். தாழ்த்தப்பட்டோருடன் ஒன்றாயிருந்து உண்பதே அதற்குச் சோதனையாக வைக்கப்பட்டது. அதனை ஏற்காமல் விலகியோர் பலர். அம்முடிவின் துணிவை நாம் போற்றுகிறோம். ஆயினும் ஒரு நாள் விருந்து ஒருவரது மனத்தைச் சோதிக்கலாமேயன்றி அதனைப் பழக்கிவிடாது. விருந்தில் உண்டவர் வீடு திரும்பித் தம் பழைய கிணற்றில், பழைய திண்ணையில், பழைய சம்பந்த முறையில் வாழ்ந்தார். சாதி இன்றும் நம் சபைகளில் உயிரோடிருப்பது அதனாலேயே.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஐக்கியம் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டது; அது மக்களின் கைகளுக்கு வந்ததோ வழிபாட்டின் வழியாகவே. 1950-ஆம் ஆண்டு முதல் வழங்கத் தொடங்கிய திருவிருந்து ஒழுங்கில், சமாதானத்தைக் கையோடு கைசேர்த்து ஒருவர்க்கொருவர் வழங்கும் பழைய மரபு மீண்டும் இடம் பெற்றது. தீண்டாமை நிலவிய மண்ணில், ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதை வழிபாட்டின் ஒழுங்கே கட்டளையிடுகிறது. எத்தனையோ பிரசங்கங்கள் செய்ய இயலாததைச் செய்யும் ஆற்றல் இச்சிறு செயலுக்கு உண்டு. ஆனால் அக்கை எந்த வரிசையோடு நின்றுவிடுகிறது என்பதை ஆயர் கவனிக்கிறாரா?

4. நாம் கற்ற பாடம்

பிறரைச் சுட்டுவதற்குமுன் நம் குறையை அறிக்கையிடுவது முறை. நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு கரிசல் நிலச் சேகரத்தில், வீடு சந்திப்பைப் பிற்பகலில் ஆலயத்தை அடுத்த தெருவிலிருந்து தொடங்குவது வழக்கம். அங்கே அமர்ந்து, காப்பி அருந்தி, உரையாடி, காலனியைச் சென்றடையும்பொழுது இருட்டிவிடும். கடைசிப் பேருந்து நெருங்கிவிடும். ஆகவே வாசற்படியில் நின்றே ஜெபித்துத் திரும்புவோம். ஒரு மாலை வயது முதிர்ந்த விதவைத் தாயார் ஒருவர், "ஐயா, எங்க வீட்டுக்கு வரும்போது மட்டும் உங்களுக்குப் பொழுது போயிருதே" என்றார். அவர் குரலில் கோபமில்லை. நாமோ அன்றிரவு உறங்கவில்லை. காலனி மக்களைக் குறித்து நாம் தாழ்வாக எண்ணியதில்லை என்பதே நம் நம்பிக்கை. நம் கால்களோ நாள்தோறும் வேறொன்றைப் பிரசங்கித்து வந்தன.

அடுத்த வாரம் முதல் காலனியின் கோடியிலிருந்து தொடங்கினோம், உள்ளே சென்று அமர்ந்தோம், கொடுத்ததை உண்டோம். தெருவில் சிலர் மனத்தாங்கல் கொண்டனர். மூன்றாம் ஆண்டில், அறுப்பின் பண்டிகைச் சமையலை இரு பகுதியாரும் சேர்ந்து செய்யலாம் என்னும் யோசனை, நம் வாயிலிருந்து வராமல் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்தே வந்தது. நாம் மாற்றலாகிச் சென்றபின் வீடு சந்திப்பு மீண்டும் பழைய வழிக்கே திரும்பியதாக அறிந்தோம். அது நம் கால்களில் மட்டுமே இருந்தது, சபையின் ஒழுங்காகவில்லை. சமையலோ நிலைத்தது, அது பலருடைய கைகளில் இருந்தது. தனி ஆளின் நற்பழக்கம் அவரோடு செல்லும். பலர் பகிர்ந்துகொண்ட வேலைமுறையே அமைப்பின் உடைமையாகும். வெங்கடசாமி மறைந்தபின்னும் அவருடைய மருத்துவமனையில் இரு மேசைகளுக்கிடையே மருத்துவர்கள் திரும்பிக்கொண்டிருப்பதன் காரணமும் இதுவே.

5. ஓர் எச்சரிக்கையும் ஓர் அழைப்பும்

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நாள்தோறும் செய்யும் வேலை நன்மையை நிலைநிறுத்துவதுபோலத் தீமையையும் நிலைநிறுத்தும். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டதை மறந்தவர்களும் ஒழுங்கைக் கண்டிப்பாய்க் கடைப்பிடித்தவர்களே. ஆகவே வேலைமுறை அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும். அரவிந்த் மருத்துவமனையில் அறுவைகளில் நேரும் சிக்கல்களைப் பதிவு செய்து ஆராய்கிறார்கள். நம் சபைகளில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு உண்டு. விடுபட்டவர்களுக்குப் பதிவேடு உண்டா? இரண்டாவது, ஆன்மா கண்புரையன்று. துக்க வீட்டில் இரண்டு மேசை முறைக்கு இடமில்லை. பிறருடைய முறையை நகல் எடுப்பது நம் வேலையன்று. நோக்கத்தை வேலையாக்கும் அக்கறையையே நாம் கற்க வேண்டும்.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு சொல். விடுதலை இறையியலைக் குறித்து நீங்கள் எழுதும் கட்டுரைகள் தேவையானவையே. ஆனால் விடுதிச் சமையற்கூடத்தில் தட்டுகளைக் கழுவுபவர் யார், அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்பதும் இறையியல் வினாவே. அபிஷேகம் பெற்றுச் சேகரத்துக்குச் செல்லும் முதல் மாதத்தில் தீர்மானம் எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: சாவி யாரிடம் உள்ளது? கணக்கைப் பார்ப்பவர் யார்? காணிக்கைப் பை எடுப்பவர் யார்? வியாதியஸ்தர் வீட்டுக்குச் செய்தி கிடைத்த எத்தனையாம் நாள் செல்கிறோம்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம்? அச்சபை உண்மையில் எதை விசுவாசிக்கிறது என்பது அவ்வேட்டிலிருந்து தெரியவரும். அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, சபையாரோடு கலந்து, அவர்கள் கையாலேயே மாற்றுங்கள். அது நிலைபெற்றபின் அடுத்ததற்குச் செல்லலாம்.

நம் ஆண்டவர் தம் சீஷருக்கு மேன்மையைக் குறித்து விளக்கிய இரவில், கச்சையைக் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார். வேலையாளின் வேலையை எஜமான் செய்தபொழுது, சீஷர்களின் நடுவே இருந்த ஒழுங்கு தலைகீழாயிற்று. அப்பாத்திரமும் சீலையும் இன்று நம் கையில் உள்ளன. நாளைய வீடு சந்திப்பை எந்த வீட்டிலிருந்து தொடங்கப்போகிறோம்?