தொகுத்தவர் பெயர் என்ன?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகிற பாதையில், தென்னந்தோப்புகளின் நிழல் மெல்லக் குறைந்து மாந்தோப்புகளின் நிழல் தொடங்குகிற இடத்தில், தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பிக்கிறது. கோவிந்தாபுரம் என்ற பெயரைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியவர்கள் அறிவார்கள். மற்றவர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கவும் காரணமில்லை. தை மாதத்தின் தொடக்கத்தில், முதலமடை மாமரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கிற வேளையில், ஜனவரி 17 அன்று, அந்த ஊரில் தூரத்து உறவினர் வீடொன்றில் காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்று பழைய படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிற சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. எம்.ஜி.ஆர். பிறந்த தினத்தை ஒட்டி அவருடைய படங்களையே நாள் முழுவதும் வரிசையாக ஒளிபரப்பியது ஒரு தொலைக்காட்சி. வீட்டுக்குரிய மூதாட்டி எழுபதைத் தொட்டவர். மாந்தோப்பு வேலையில் நாற்பது வருஷம் கழித்தவர். அவருடைய பேத்தி எட்டாம் வகுப்பில் மலையாளத்தில் படிக்கிறவள். வீட்டில் பேசுவது தமிழ்.

அந்த வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில்தான் வடவன்னூர் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் தாயார் சத்தியபாமாவின் ஊர் அது. அங்குள்ள பழைய வீடு இன்று நினைவில்லமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. 1917-ஆம் வருஷம் இலங்கையில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, அதன் முதலமைச்சராகவும் ஆன ஒருவரின் வேர் இந்த மலையடிவாரத்தில் இருப்பதை, எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழர்கள் குடும்பச் செய்தியைப் போலச் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் ஓர் உரிமையும் அபிமானமும் இருக்கின்றன; அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதற்படம் 'மலைக்கள்ளன்'. 1954-இல் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்தது. நாமக்கல் கவிஞர் எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இந்த விவரங்களில் ஒன்றுகூடத் திரையில் வரவில்லை. எழுத்து வருவதற்கு முன்பே கதை ஆரம்பமாகிவிட்டது, ஏனென்றால் படத்தின் தலைப்பும், எழுதியவர், இசையமைத்தவர், ஒளிப்பதிவு செய்தவர் ஆகியோரின் பெயர்களும் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பதற்காக வெட்டப்பட்டிருந்தன.

இன்னொரு குறையும் உடனே கண்ணில் பட்டது. அகலமான புதுத் திரையை நிரப்புவதற்காகப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள்; பானுமதியின் முகம் அகன்று, குதிரைகள் குட்டையாகி, வட்டமான பொட்டுகூட முட்டை வடிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறையச் சதுரமானது. நான்கு பங்கு அகலத்துக்கு மூன்று பங்கு உயரம். பேத்தியிடம் சொன்னேன், அவள் ரிமோட்டில் ஒரு பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாள். திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தது; நடுவில் முகங்கள் தம்முடைய பழைய நேர்த்திக்குத் திரும்பின. "இப்பத்தான் அந்தம்மா அந்தம்மாவா இருக்கு" என்றார் மூதாட்டி. அறுபது எழுபது வருஷங்களுக்கு முன் ஓர் ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த முகம் அது. அதை அளவு மாறாமல் காட்டுவதற்கு நிலையத்தாருக்குச் செலவு ஒன்றும் இல்லை. சிரத்தை மட்டுமே வேண்டும்.

நடுப்பகலில் 'நாடோடி மன்னன்' வந்தது. எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தயாரித்து, முதன்முதலாக இயக்கி, இரட்டை வேடத்திலும் நடித்து, 1958 ஆகஸ்டில் வெளியிட்ட படம். கறுப்பு வெள்ளையில் நெடுந்தூரம் சென்ற கதை, பின்பகுதியில் திடீரென்று வர்ணத்துக்கு மாறியபோது, பேத்தி டி.வி. கெட்டுவிட்டதோ என்று பயந்து எழுந்தாள். வர்ணச் சுருள் விலை உயர்ந்ததாக இருந்த நாட்களில் ஒரு பகுதியை மட்டும் வர்ணத்தில் எடுத்து ரசிகர்களை வியக்கவைக்கிற வழக்கம் இருந்தது என்று சொன்னேன். இரண்டு எம்.ஜி.ஆர். ஒரே சட்டத்தில் நின்றபோது அவள் கேட்ட கேள்வி அதைவிட நல்ல கேள்வி: "கம்ப்யூட்டர் இல்லாம எப்படி?"

காமிராவின் கண்ணில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, திறந்திருக்கும் பாதியில் மன்னனாக நடித்ததைப் பதிவு செய்து, அதே சுருளைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி வைத்து, உடை மாற்றிக்கொண்டு வந்து நாடோடியாக நடித்ததை அதன் மேலேயே பதிவு செய்வது அக்காலத்து முறை. இடையில் காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும், விளக்கு சற்றே மங்கினாலும், இரண்டு பாதிகளும் ஒட்டாமல் நடுவில் தையல் தெரிந்துவிடும். எதிரே எவரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பேசி, அங்கிருந்து வரப்போகிற பதிலுக்கு நேரம் கணக்கிட்டு முகபாவம் காட்ட வேண்டியது நடிகரின் பாடு. இதைச் சொன்ன பிறகு அவள் கதையை விட்டுவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் சட்டங்களில் நடுவே தூண் இருக்கிறதா, கதவின் விளிம்பு இருக்கிறதா என்று தையலைத் தேடத் தொடங்கினாள். சினிமாவைப் படிப்பதென்பது இப்படித்தான் ஆரம்பமாகிறது என்று நான் நம்புகிறேன்.

மாலையில் 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1965 பொங்கலுக்கு வந்த முழு வர்ணப் படம். அதிலும் இரட்டை வேடம். இந்த இடத்தில்தான் அன்றைய நாள் எனக்கு வெறும் படவரிசையாக இல்லாமல், கோத்த மாலையாகத் தெரிந்தது. 'மலைக்கள்ளன்' கதையில் ஒரே மனிதன் மாறுவேடங்களில் வெவ்வேறு ஆளாக உலவுகிறான். 'நாடோடி மன்னன்' கதையில் ஒரே முகம் கொண்ட இருவர் இடம் மாறுகிறார்கள். மூன்றாவதில் அதே இடமாற்றம் அரண்மனையை விட்டுக் குடும்ப வீட்டுக்குள் வந்துவிடுகிறது. முதலிரண்டிலும் பானுமதி; பின்னிரண்டிலும் சரோஜாதேவி; இருவரும் சேர்ந்து வருகிற நடுப்படத்தில், பாதிக் கதையில் பானுமதியின் பாத்திரம் மறைய, சரோஜாதேவி வர்ணத்தோடு வந்து சேர்கிறார். ஒரு நாயகி யுகம் முடிந்து மற்றொன்று தொடங்குவதை வரலாற்றாசிரியர் பத்துப் பக்கத்தில் எழுத வேண்டியிருக்கும்; அன்றைக்கு அது பிற்பகலில் எங்கள் எதிரிலேயே பிரத்தியட்சமாக நடந்தது.

இசையிலும் அதே தொடர்ச்சி. முதலிரண்டு படங்களுக்கும் எஸ்.எம்.சுப்பையா நாயுடு, மூன்றாவதுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அந்த விஸ்வநாதன் 1928-இல் இதே பாலக்காட்டுச் சீமையின் எலப்புள்ளியில் பிறந்தவர். கோயமுத்தூரில் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, சுப்பையா நாயுடுவின் நிழலில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர். குருவின் ஒலி காலையிலும் சிஷ்யனின் ஒலி மாலையிலும் கேட்டது. இதை ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

படங்களுக்கு இன்று பஞ்சமில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய பின் பல வருஷங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரே ஒரு படம், டி.வி. வைத்திருந்த ஒரு வீட்டு வாசலில் தெரு முழுவதும் கூடும். அதற்கும் முந்திய டூரிங் கொட்டகையில், ஒற்றை மெஷினில் சுருள் மாற்றுவதற்காக மூன்று இடைவேளை விடுவார்களாம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து 'நாடோடி மன்னன்' பார்த்ததை மூதாட்டி சொன்னார். படமே அரிதாக இருந்தபோது தேர்ந்து கொடுப்பவர் தேவைப்படவில்லை. ஒரு நாளில் பத்து அலைவரிசைகளில் ஐம்பது படங்கள் ஓடுகிற காலத்தில்தான் அவர் தேவைப்படுகிறார்.

தமிழுக்கு இது புதிய விஷயமன்று. ஐந்து திணைக்கும் நூறு நூறாக ஐந்நூறு குறும்பாடல்களை வகுத்து வைத்த ஐங்குறுநூற்றுக்கு, பாடிய புலவர் ஐவரின் பெயரோடு, தொகுத்த புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் பெயரையும், தொகுப்பித்த சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் பெயரையும் போற்றி வைத்திருக்கிறோம். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று தெரிந்திருப்பதும் ஒரு புலமை. இந்த மலைகளுக்கு அரசனாக இருந்த வம்சத்திலேயே அதற்குப் புரவலர் இருந்தார்.

அமெரிக்காவில் 1994 ஏப்ரல் 14-இல் தொடங்கிய 'டர்னர் கிளாசிக் மூவீஸ்' இதைச் செய்து காட்டியது. (தமிழில் சன் டி.வி. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்பு, அதே தேதியில் பிறந்தது.) ஆகஸ்டு மாதம் வந்தால் அங்கே நாளுக்கு ஒரு நடிகர் என்று நாள் முழுவதும் அவர் படங்களே, படத்துக்கு முன்னும் பின்னும் ராபர்ட் ஆஸ்பர்ன் என்பவர் நேயர் எதிரில் வந்து, எடுத்தவர் யார், எந்தச் சூழ்நிலையில் எடுத்தார், எதைக் கவனிக்க வேண்டும் என்று சில நிமிஷம் பேசுவார். 2017-இல் அவர் மறைந்தபோது, வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்ததுபோல ரசிகர்கள் துக்கப்பட்டார்கள்.

நமக்கும் அத்தகைய மனிதர்கள் இல்லாமற் போகவில்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுவதும் தமிழ்ப் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் சேர்த்துவைத்து, பெரிய நூலாகவே தந்துவிட்டுப் போனார். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பணியில் அவர் இறங்கியது இதே 'நாடோடி மன்னன்' படத்தில்தான். அவர் சேர்த்ததிலிருந்து இரண்டு வரி எடுத்துப் படத்துக்கு முன்னால் போட்டிருந்தால் போதும்.

இது வெறும் ரசனைக் கோரிக்கையன்று. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று ஓர் அடிச் சுருளாகக்கூட இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தும், மக்கியும், வெள்ளிக்காக உருக்கப்பட்டும் போயின. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிய 1964-க்கு முன்பே இழப்பில் பெரும்பகுதி நேர்ந்துவிட்டது. பிழைத்து வந்திருப்பவற்றையும் பெயர் வெட்டி, வருஷம் வெட்டி, முகத்தை இழுத்துக் காட்டினால், அடுத்த தலைமுறைக்கு அவை அனாதைகளாகவே போய்ச் சேரும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. எலப்புள்ளிக்காரருக்காக, அவர் பிறந்த நாளான ஜூன் 24 அன்று ஒரு நாள்; அதில் எம்.ஜி.ஆர். நடித்த ஒரே மலையாளப் படமான 1953-இன் 'ஜெனோவா'வும் இருக்க வேண்டும், அதன் இசையில் இளைஞர் விஸ்வநாதனுக்கும் பங்கு உண்டாகையால். கோயமுத்தூர் ஸ்டூடியோக்களுக்கு ஒரு நாள்: எம்.ஜி.ஆர். கதாநாயகனாக உயர்ந்த 'ராஜகுமாரி', விக்டர் ஹ்யூகோவின் கதையைத் தமிழாக்கிய 'ஏழை படும் பாடு', பிறகு 'மலைக்கள்ளன்'. 1905-இலேயே ரயில்வே உத்தியோகத்தை விட்டுப் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகச் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்டைப் பற்றி அதற்கு முகவுரை சொல்லலாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் ஒரு நாள். முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கேதான் பிறந்தது. முதல் மலையாள வர்ணப் படமும் டி.ஆர்.சுந்தரம் எடுத்ததே. சாவடிக்கு இருபுறமும் உள்ளவர்கள் அந்த நாளைச் சேர்ந்து பார்ப்பார்கள்.

இரவு பத்தரை மணிக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' முடிந்தது. முடிவில் வர வேண்டிய எழுத்து வருவதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. மூதாட்டி சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி சுவரில் இருந்த தினசரிக் காலண்டரில் 17-ஆம் தேதித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில், மலையாள எழுத்தில் மூன்று தமிழ்ப் படங்களின் பெயரையும், என்னைக் கேட்டு ஒவ்வொன்றின் வருஷத்தையும் எழுதினாள்.

"மொதப் படத்துக்கு நேரா கோயமுத்தூர்ல எடுத்ததுன்னு எழுது, கண்ணு" என்றார் மூதாட்டி.

"எழுதிட்டேன், அம்மிச்சி."

"பானுமதி பேரையும் எழுது."