புது வண்டியும் எண்ணெய்க் கணக்கும்

புதிய மோட்டார் வண்டி ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டால், அன்று அந்த வீட்டில் திருவிழாதான். சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குலதெய்வத்தின் கோயிலுக்கு முதல் பிரயாணம் புறப்படுகிறார்கள். வண்டியின் நிறத்தைப் பற்றியும் ஆசனங்களின் சுகத்தைப் பற்றியும் பேசாதார் இல்லை. ஆனால் முன்புற மூடியைத் திறந்து, எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவர் எத்தனை பேர்? "புது வண்டிதானே! முதல் ஸர்வீஸ் வரையில் அதற்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்பதே பலருடைய எண்ணம்.

பெரும்பாலான வண்டிகளின் விஷயத்தில் இந்த நம்பிக்கை பொய்த்துப் போவதில்லை. பொய்த்துப் போகும் சில வண்டிகளிலோ, எஞ்சினையே பறிகொடுக்க நேரிடுகிறது. அந்த நஷ்டத்தைத் தடுப்பதற்குப் பழந்துணி ஒன்றும், சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்றும், மாதத்துக்கு இரண்டு தடவை பத்து நிமிஷப் பொழுதும் இருந்தால் போதும்.

வளையங்கள் செய்யும் வேலை

எஞ்சினில் ஸிலிண்டர் என்னும் குழாய்க்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடியில் 50 முறை மேலே போய்க் கீழே வருகிறது. பிஸ்டனைச் சுற்றிச் சாதாரணமாக மூன்று உலோக வளையங்கள் உண்டு. மேல் வளையங்கள் இரண்டும் எரியும் வாயுவைக் கீழே கசிய விடாமல் காக்கின்றன. அடி வளையம், ஸிலிண்டரின் சுவரில் எண்ணெயை ஒரு மெல்லிய படலமாக மட்டும் விட்டு, மிகுதியை வழித்துக் கீழே அனுப்புகிறது. தோசைக் கல்லில் எண்ணெய் தடவுவது போன்ற வேலை இது. படலம் இல்லாவிட்டால் ஒட்டிக் கொள்ளும். அதிகமானால் புகை எழும்.

ஸிலிண்டரின் சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்று நாம் எண்ணக் கூடும். உண்மையில், அம்மியைக் கொத்துவது போல, தொழிற்சாலையில் அந்தச் சுவரின் மீது குறுக்கு மறுக்காக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். எண்ணெய் தங்கி நிற்பதற்கு அந்தக் கீறல்களே இடம். புது எஞ்சினில், வளையத்தின் விளிம்பிலும் சுவரின் மேலும் உள்ள மிக நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்ந்து, இரண்டும் பொருந்தி அமைய வேண்டும். ஆங்கிலத்தில் 'ரன்னிங் இன்' என்று சொல்லும் பழக்கக் காலம் இதுதான். பொருத்தம் அமையும் வரையில் சிறிது எண்ணெய் மேலே ஏறி எரிந்து போவது இயல்பே.

முன்னாளில், முதல் 500 மைல் வரையில் மணிக்கு 30 மைல் வேகத்தைத் தாண்டலாகாது என்பது போன்ற விதிகள் சகஜமாக இருந்தன. பிரிட்டனில் அப்போது புதுக் கார்களின் பின்புறக் கண்ணாடியில், 'வண்டி பழகுகிறது. தயவு செய்து முந்திச் செல்லுங்கள்' என்ற பொருளில் அட்டை ஒட்டியிருப்பார்கள். இன்று தொழிற்சாலைகளில் கடைசல் வேலை மிக நுட்பமாகிவிட்டது. கீறல்களின் கூரிய முனைகளைக்கூட அங்கேயே மழித்துவிடுகிறார்கள். எனவே பழகும் காலம் குறைந்திருக்கிறது, அடியோடு மறைந்துவிடவில்லை.

முதல் ஆயிரம் கிலோ மீட்டர்

புது வண்டியை எப்படி ஓட்ட வேண்டும்? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல மெல்ல ஓட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. முதல் நாளிலேயே முழு வேகத்தில் விரட்டிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஆபத்து உண்டு.

எரியும் வாயுவின் அழுத்தம் மேல் வளையத்தின் பின்னால் புகுந்து, அதைச் சுவரோடு நெருக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் ஓரளவு இருந்தால்தான் வளையம் நன்றாகப் படியும். எப்போதும் ஆமை வேகத்தில் சென்றாலும், நின்ற இடத்திலேயே எஞ்சினை நெடுநேரம் ஓட விட்டாலும், அழுத்தம் போதாமல் எண்ணெய் சுவரிலேயே காய்ந்து, அரக்குப் போலப் படிந்து, கீறல்களை மூடிவிடக் கூடும். பிறகு அந்த எஞ்சின் எண்ணெய் குடிப்பதை நிறுத்துவது எளிதன்று. மாறாக, ஆரம்பத்திலேயே கண்மண் தெரியாமல் விரட்டினால், உராய்வினால் சூடு மிகுந்து வளையமும் சுவரும் கீறிக் கொள்ளும்.

நடு வழியே நல்ல வழி. டொயோட்டா கம்பெனியின் கையேடுகள் கூறுவதைப் பாருங்கள்: முதல் 300 கிலோ மீட்டர் வரையில் திடீரென்று பிரேக் போட வேண்டாம். முதல் 1,000 கிலோ மீட்டர் வரையில் மிதமிஞ்சிய வேகம் வேண்டாம். திடீரென்று வேகத்தைக் கூட்ட வேண்டாம். தாழ்ந்த கியரிலேயே தொடர்ந்து ஓட்ட வேண்டாம். ஒரே வேகத்திலும் நெடுநேரம் செல்ல வேண்டாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்து போகிறார்கள். நான்கு வழிச் சாலையில் ஏறி, மணிக்கு 80 கிலோ மீட்டர் என்று வைத்த கால் எடுக்காமல் மூன்று மணி நேரம் செல்வது புது எஞ்சினுக்கு உகந்ததன்று. வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் செல்ல வேண்டும். உயர்ந்த கியரில் போட்டு, எஞ்சின் முக்கி முனகும்படி மேட்டில் ஏற்றுவதும் கூடாது. ஆயிரம் கிலோ மீட்டர் ஆன பிறகு படிப்படியாக முழு வேகத்துக்குப் பழக்கலாம்.

கையேட்டில் ஒளிந்திருக்கும் கணக்கு

இனி எண்ணெய்க் கணக்குக்கு வருவோம். ஸ்கோடா, போக்ஸ்வாகன் முதலிய கம்பெனிகளின் கையேடுகளில், எஞ்சின் 1,000 கிலோ மீட்டருக்கு அரை லிட்டர் வரையில் எண்ணெய் செலவழிக்கக் கூடும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எல்லா வண்டியும் அவ்வளவு குடிப்பதில்லை. பெரும்பாலானவை மிகக் குறைவாகவே செலவழிக்கும். ஆனால் அந்த அளவு வரையில் சென்றாலும் குற்றமில்லை என்பது கம்பெனியின் தீர்ப்பு.

இப்போது வேறொரு புள்ளியைக் கவனியுங்கள். எண்ணெய் மாற்றுவதற்குப் பல கார்களுக்கு விதித்திருக்கும் கெடு 10,000 கிலோ மீட்டர் அல்லது ஓர் ஆண்டு. ஆயிரத்துக்கு அரை லிட்டர் என்றால் பத்தாயிரத்துக்கு ஐந்து லிட்டர். சிறிய காரின் எஞ்சின் கொள்ளும் எண்ணெயோ ஏறக்குறைய மூன்று முதல் நான்கு லிட்டர்தான்! ஆகவே, கம்பெனியே குற்றமில்லை என்று சொல்லும் ஒரு வண்டி, அடுத்த ஸர்வீஸுக்கு முன்பே தன் எண்ணெய் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிட முடியும். நடுவில் பார்த்து ஊற்றுவது உடையவரின் பொறுப்பு என்பது இதன் உட்பொருள். இரண்டு புள்ளிகளும் கையேட்டின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பதால், அவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

"எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே!" என்று சிலர் சொல்லலாம். பல வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை; அளவையன்று. அழுத்தம் விழுந்துவிட்டது என்றால், சுழலும் பாகங்களுக்கு எண்ணெய் சரிவரப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஓடும் வண்டியில் அந்த விளக்கு எரிந்தால், உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பது ஒன்றே செய்யத் தக்கது. "அடுத்த ஊர் வரையில் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டிய எஞ்சின் அடுத்த ஊரைக் காணாமலே போகலாம்.

பார்க்கும் முறை

1957 முதல் 2014 வரையில் உத்தரபாராவில் தயாரான அம்பாஸிடர் வண்டியின் டிரைவர்கள், காலையில் மூடியைத் திறந்து எண்ணெய் பார்ப்பதைப் பல் தேய்ப்பது போன்ற வழக்கமாகவே கொண்டிருந்தார்கள். வண்டிகள் திருந்தின, நல்ல வழக்கம் மறைந்தது. அதை மறுபடி மேற்கொள்வது சிரமமில்லை.

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்து சேர ஐந்து அல்லது பத்து நிமிஷம் காத்திருங்கள். 'டிப் ஸ்டிக்' என்னும் அளவுக் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். அதில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு அடையாளங்கள் உண்டு. அநேக கார்களில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அளவு சுமார் ஒரு லிட்டர். எண்ணெய் இவற்றின் நடுவே இருந்தால் கவலையில்லை. குறைந்திருந்தால், கையேட்டில் சொன்ன அதே ரகத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயில் அடித்து நுரை எழுப்பும்; அதுவும் தீங்கே. அளவுக் குச்சியே இல்லாத சில புது வண்டிகளில், ஓட்டுபவரின் எதிரே உள்ள திரையில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பார்த்ததை நோட்டில் குறியுங்கள்: தேதி, வண்டி ஓடிய தூரம், எண்ணெயின் மட்டம், ஊற்றிய அளவு. முதல் சில ஆயிரம் கிலோ மீட்டர் வரையில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும் நெடும் பிரயாணத்துக்கு முன்பும் பார்ப்பது நலம். சென்னையிலிருந்து மதுரைக்குப் போய் வந்தாலே ஏறக்குறைய 900 கிலோ மீட்டர் ஆகிவிடுகிறது அல்லவா?

மட்டம் ஏறினாலும் ஆபத்து

எண்ணெய் குறைவதைப் போலவே, ஊற்றாமல் ஏறுவதும் கவனிக்க வேண்டிய விஷயம். 2018-ஆம் ஆண்டில் சீன தேசத்தின் குளிர் மிகுந்த வடபகுதிகளில், ஹோண்டா கம்பெனியின் ஸி.ஆர்.-வி. கார்களில் இது நிகழ்ந்தது. எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் சிறு பிரயாணங்களில், எரியாத பெட்ரோல் சுவர் வழியே வழிந்து எண்ணெயில் கலந்தது, மட்டம் உயர்ந்தது. அங்கே அந்தக் காரின் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப் போய், காக்கும் சக்தியை இழக்கிறது. நம் வெப்பத்தில் இது அவ்வளவு கடுமையாக நேராது. ஆயினும், கடைத்தெரு வரையில் மட்டுமே ஓடும் வண்டியில் எண்ணெய் குறையாதது போலத் தோன்றி, நெடும் பிரயாணத்தில் சடக்கென்று குறைவதுண்டு. கலந்திருந்த பெட்ரோலும் ஈரமும் சூட்டில் ஆவியாகிப் போவதே அதற்கு ஒரு காரணம்.

சில ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பின்பும் செலவு குறையாவிட்டால் என்ன செய்வது? எஞ்சினின் அடியில் ஒழுக்கு உண்டா, புகைக் குழாயில் நீலப் புகை வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, எண்ணெய்ச் செலவை அளந்து சோதிக்கும்படி கம்பெனியின் பட்டறையை எழுத்து மூலம் கேளுங்கள். "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்ற வாய்மொழியோடு திரும்பி வராதீர்கள். எத்தனை கிலோ மீட்டருக்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் இதே குறைக்காக ஸுபாரு கம்பெனியின் மீது கார் உடையவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2016-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, 2011 முதல் 2014 வரையிலான சில மாடல்களுக்கு எஞ்சின் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டப் பெற்றது.

உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கேட்பவருக்கே நியாயம் எளிதில் கிடைக்கும். எஞ்சின் இறுகி நின்ற பிறகு, "எண்ணெய் பார்க்காமல் ஓட்டியது உங்கள் தவறு" என்று சொல்லிவிடுவது யாருக்கும் சுலபம். தேதியும் தூரமும் அளவும் வரிசையாக எழுதிய நோட்டுப் புத்தகத்தை மேஜை மேல் வைத்துப் பேசுகிறவரிடம் அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபமன்று.